கேட்கிறவரின் கடமை

ஏப்ரல் கடைசி வாரத்தில் ஆதம்பாக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் நிற்க இடம் கிடைக்காது. பள்ளிச் சேர்க்கைக் காலம். நான் போன கடை கருணீகர் தெருவுக்கு அதிகத் தூரமில்லை. எனக்கு முன்னால் ஒரு அம்மா நின்றிருந்தார். இடுப்பில் கைக்குழந்தை, பக்கத்தில் முதல் வகுப்பில் சேரப்போகும் பெண். கைபேசியில் இருந்த படங்களைக் கடை எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னான் கடைப் பையன். எண்ணைச் சுவரில் பெரிதாக ஒட்டியிருந்தார்கள். பிறப்புச் சான்றிதழ், குழந்தையின் ஆதார், சாதிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, அப்பாவின் ஆதார், அம்மாவின் ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழ். எட்டும் கணினித் திரையில் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. திரையில் ஏற்கெனவே இடமில்லை. யார் யாருடைய ஆதாரோ, யார் வீட்டுப் பிள்ளைகளின் பாஸ்போர்ட் அளவுப் படங்களோ வரிசை வரிசையாகக் கிடந்தன.

"தம்பி, பிரின்ட் எடுத்ததும் அழிச்சிடுவீங்கல்ல?"

"சாயங்காலம் மொத்தமா அழிச்சிடுவோம்க்கா."

அவன் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. நம்பித்தான் சொன்னான். ஆனால் என் கண்ணுக்கு நேரே தெரிந்த ஒரு கோப்பின் பெயரில் இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி இருந்தது.

அந்த அம்மாவிடம் தவறு இல்லை. பையனிடமும் பெரிய தவறு இல்லை. பள்ளி எட்டுக் காகிதம் கேட்டது, எட்டும் ஊர் சுற்றின. பிள்ளைகளின் தனிப்பட்ட விவரங்களைச் சட்டப்படி கையாள்வது பற்றிய பேச்செல்லாம் இன்று கணினிப் பாதுகாப்பையும் பெற்றோரின் கையெழுத்தையும் சுற்றியே நடக்கிறது. கையெழுத்து வாங்கிவிட்டால் சட்டம் முடிந்தது, பாஸ்வேர்டு போட்டுவிட்டால் பாதுகாப்பு முடிந்தது என்ற எண்ணம் பள்ளிகளில் ஊறிப்போயிருக்கிறது. தமிழ்நாட்டின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால் பொறுப்பு அதற்கும் முன்னால், கேட்கும் இடத்திலேயே தொடங்குகிறது. எதைக் கேட்கலாம், எதற்காகக் கேட்கிறோம், எப்போது அழிப்போம் என்று முடிவெடுக்க வேண்டியவர் கேட்கிறவர். கவுன்டருக்கு இந்தப் பக்கம் கைக்குழந்தையோடு நிற்பவர் தலையில் அதைக் கட்டக் கூடாது.

ஆதம்பாக்கத்தில் நடக்கிற தூரத்துக்குள் அரசுப் பள்ளி, மெட்ரிகுலேஷன் பள்ளி, சிபிஎஸ்இ பள்ளி, மாடியில் இரண்டு அறையில் நடக்கும் நர்சரி என்று எல்லா வகையும் உண்டு. எந்த வகையானாலும் பிள்ளையின் விவரம் பள்ளிச் சுவருக்குள் நிற்பதில்லை. மாநில அரசின் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமைக்குப் போகிறது. ஆசிரியர்கள் 'எமிஸ்' என்று சொல்வது இதைத்தான். ஒன்றிய அரசின் 'யூடைஸ் பிளஸ்' தளத்துக்கும் போகிறது. பெற்றோர் ஒப்புக்கொண்டால், 'ஒரே நாடு ஒரே மாணவர் அடையாளம்' என்று 2023இல் அறிமுகமான 'அபார்' என்ற 12 இலக்க எண்ணுக்கும் போகிறது. தனியார் பள்ளியானால் கட்டணம் வசூலிக்கும் செயலி, வீட்டுப்பாடம் அனுப்பும் செயலி, வேன் எங்கே வருகிறது என்று காட்டும் செயலி. ஆறு வயதுக் குழந்தை ஒன்று அ, ஆ எழுதிப் பழகுவதற்கு முன்பே ஐந்தாறு இடங்களில் பதிவாகிவிடுகிறது.

சட்டத்தின் கதை நீளமானது. நமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 26 அன்று வந்த ஆதார் தீர்ப்பு பள்ளிகளை நேரடியாகத் தொட்டது. பள்ளிச் சேர்க்கை அரசு தரும் சேவையோ மானியமோ அல்ல. 6 முதல் 14 வயது வரை கல்வி குழந்தையின் அடிப்படை உரிமை. ஆகவே அதை ஒரு சலுகையாகப் பார்த்து ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்றது நீதிமன்றம். ஆதார் இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் திட்டங்களின் பலனை மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்புக்குச் சில வாரம் முன்பே ஆதார் ஆணையமும், ஆதார் இல்லாததால் சேர்க்கையை மறுப்பது செல்லாது என்று பள்ளிகளுக்கு அறிவித்திருந்தது.

இத்தனைக்குப் பிறகும் சேர்க்கைப் படிவத்தில் ஆதார் எண்ணுக்கான பன்னிரண்டு கட்டங்கள் அப்படியே இருக்கின்றன. "கட்டாயமா?" என்று கேட்டால் "எமிஸ்ல கேக்குதுங்க" என்பார்கள். தலைமையாசிரியரும் வீம்புக்குச் சொல்வதில்லை. திரையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் மேலிருந்து கேள்வி வரும். தீர்ப்பு டெல்லியில் இருக்கிறது, காலிக் கட்டம் அவர் கண் முன்னால் இருக்கிறது.

அடுத்தது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பர் 14 அன்று, குழந்தைகள் தினத்தில், அறிவிக்கப்பட்டன. பள்ளிகளைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். இந்தச் சட்டத்தில் 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தை. பிளஸ் டூ மாணவரும் குழந்தைதான். குழந்தையின் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அதைச் சரிபார்க்கவும் வேண்டும். குழந்தையின் நலனுக்குக் கேடாக விவரத்தைப் பயன்படுத்தக் கூடாது. நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. விவரம் கசிந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் முழு அறிக்கை தர வேண்டும். குழந்தைகள் தொடர்பான கடமையை மீறினால் 200 கோடி ரூபாய் வரையிலும், பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் 250 கோடி வரையிலும் அபராதம் விதிக்கலாம். மாடியில் நடக்கும் நர்சரிக்கு இந்தக் கோடிகள் அச்சமூட்டுமே தவிர வழிகாட்டாது. அந்த நர்சரிக்கு வேண்டியது, நாளைக் காலை எதை மாற்றுவது என்ற தெளிவு.

அந்தத் தெளிவு சட்டத்தின் ஒரு சிறிய எடுத்துக்காட்டிலேயே இருக்கிறது. ஒருவர் தொலைபேசி வழி மருத்துவச் செயலி ஒன்றை இறக்குகிறார். சிகிச்சைக்கான விவரத்தோடு, அவர் கைபேசியில் இருக்கும் தொடர்பு எண்களையும் அது கேட்கிறது. அவர் இரண்டுக்கும் சரி என்கிறார். சிகிச்சைக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை. எனவே அவர் சரி என்று அழுத்தியிருந்தாலும் அந்தச் சம்மதம் சிகிச்சைக்கு மட்டுமே பொருந்தும் என்கிறது சட்டம். கையெழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தேவையைத் தாண்டி அதற்கு வலு இல்லை. பள்ளிப் படிவத்தை இந்த வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வகுப்பில் சேர்க்க அப்பாவின் ஆண்டு வருமானம் எதற்கு? உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் அன்று கேட்டால் போதாதா? அம்மாவின் படிப்பு, வேலை செய்யும் நிறுவனம், வீடு சொந்தமா வாடகையா என்பதெல்லாம் எந்தப் பாடத்துக்கு உதவும்?

சட்டம் சம்மதத்தை 'தன்விருப்பமாக, நிபந்தனையின்றி' தரப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி வாசலில் அப்படியொரு சம்மதம் உண்டா? இடம் கிடைக்குமா என்று நெஞ்சு படபடக்க நிற்கிற அப்பா, "இந்தக் கட்டத்தை நிரப்ப விருப்பமில்லை" என்று சொல்ல முடியுமா? இந்தக் கேள்விக்குச் சுவீடனில் ஒரு பதில் கிடைத்தது. ஷெலெஃப்டியோ என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளி ஒன்று, 2018இல் ஒரு வகுப்பின் 22 மாணவர்களுக்கு மூன்று வாரம் முகத்தைப் படம்பிடித்து வருகைப்பதிவு எடுத்துப் பார்த்தது. அதனால் ஆண்டுக்குச் சுமார் 17,000 மணி நேரம் ஆசிரியர்களுக்கு மிச்சமாகும் என்று கணக்குச் சொன்னார்கள். சம்மதமும் வாங்கியிருந்தார்கள். 2019 ஆகஸ்டில் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அமைப்பு உள்ளூர் நிர்வாகத்துக்கு இரண்டு லட்சம் குரோனார் அபராதம் விதித்தது. மாணவர் பள்ளியை நம்பி இருப்பவர். அதிகாரம் ஒரு பக்கமே இருக்கும் இடத்தில் பெற்ற சம்மதத்தைச் சம்மதமாக ஏற்க முடியாது. வருகைப்பதிவுக்கு இதைவிட எளிய வழிகள் உண்டு என்பதே அதன் முடிவு.

ஏறக்குறைய அதே மாதங்களில் நம் ஊரிலும் அதே முயற்சி நடந்தது. 2018 டிசம்பரில் அசோக் நகர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் முகமறி வருகைப்பதிவு தொடங்கிவைக்கப்பட்டது. அங்கே அபராதத்தில் முடிந்த விஷயம் இங்கே புதுமையாகச் செய்தியில் வந்தது. 'உள்ளேன் ஐயா' என்று குரல் கொடுக்கும் பிள்ளையை ஆசிரியர் தலை நிமிர்ந்து பார்க்கும் அந்த ஒரு நொடிக்கு மதிப்பு உண்டு. முகம் வாடியிருக்கிறதா, காய்ச்சலா, சாப்பிட்டாளா என்று தெரிந்துகொள்ளும் நொடி அது.

புதிய விதிகள் இந்த இடத்தில் பள்ளிகளுக்கு ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கின்றன. நான்காம் அட்டவணைப்படி, கல்வி நிறுவனம் தன் கல்விப் பணிக்காகவும் சேர்ந்து படிக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் செய்யும் கண்காணிப்புக்குப் பெற்றோர் சம்மதமும் தேவையில்லை, கண்காணிப்புத் தடையும் பொருந்தாது. பள்ளி வேன் எங்கே வருகிறது என்று பார்ப்பதற்கும் விலக்கு உண்டு. வேன் விஷயத்தில் எனக்கு மறுப்பு இல்லை. மழை நாளில் வேளச்சேரி பக்கம் தண்ணீரில் மாட்டிக்கொண்ட வேனுக்காகக் காத்திருந்த எந்தப் பெற்றோரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் 'கல்விப் பணி' என்ற சொல் மிக அகலமானது. வகுப்பறைக் கேமராவும், எந்தப் பிள்ளை எவ்வளவு நேரம் திரையைப் பார்த்தது என்று எண்ணும் செயலியும் அதற்குள் வந்து உட்கார்ந்துவிடும். விலக்கு இருப்பதாலேயே எல்லாம் செய்யலாம் என்று பள்ளிகள் எடுத்துக்கொண்டால், சட்டம் காக்க வந்த பிள்ளை சட்டத்துக்கு வெளியே நிற்கும்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியின் ஆழம் தெரியும் இடம் சாதிக் கட்டம். வேறு நாட்டுக் கட்டுரைகளில் மருத்துவ விவரமும் கைரேகையும்தான் மிக நுட்பமானவை என்று எழுதுவார்கள். நமக்குத் தெரியும், ஒரு பிள்ளையின் பள்ளி வாழ்க்கையையே நாசமாக்க ஒற்றைச் சொல் போதும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகு அமைந்த நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு பற்றிய பரிந்துரைதான் ஊடகங்களில் அதிகம் பேசப்பட்டது. ஆனால் பதிவேடுகள் பற்றி அந்த அறிக்கை சொன்னது நம் கேள்விக்கு நேரடி விடை. வருகைப்பதிவேட்டில் மாணவரின் சாதி பற்றிய எந்தக் குறிப்பும் இருக்கக் கூடாது; ஆசிரியர் வகுப்பில் சாதியைச் சுட்டி யாரையும் அழைக்கக் கூடாது; உதவித்தொகை பற்றிய செய்தியைத் தலைமையாசிரியர் மாணவரைத் தனியே அழைத்துத்தான் சொல்ல வேண்டும்.

"எஸ்சி பசங்க எல்லாம் எந்திரிங்க, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வந்திருக்கு." என் தலைமுறையில் அரசுப் பள்ளியில் படித்த பலரும் இந்தக் குரலைக் கேட்டிருப்போம். ஆசிரியருக்குக் கெட்ட எண்ணம் இல்லை, வேலை சீக்கிரம் முடிய வேண்டும், அவ்வளவுதான். எழுந்து நின்ற பிள்ளைகளை வகுப்பு ஒரு முறை திரும்பிப் பார்த்தது. அன்று தெரிந்தது பிறகு மறக்கவில்லை. கணினி இல்லை, ஹேக்கர் இல்லை, விவரம் கசிந்துவிட்டது.

சாதி விவரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இடஒதுக்கீட்டுக்கும் உதவித்தொகைக்கும் அது இல்லாமல் முடியாது. அதைக் கேட்பது நியாயம் செய்வதற்காக. ஒரு நோக்கத்துக்காகக் கேட்டது அந்த நோக்கத்தின் அலமாரிக்குள் இருக்க வேண்டும். வகுப்பாசிரியரின் நோட்டில் அதற்கு இடமில்லை, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் எக்செல் கோப்பில் நிச்சயமாக இல்லை. சொல்ல விரும்பாத பெற்றோருக்கும் வழி உண்டு. சாதி, மதக் கட்டங்களைக் காலியாக விடலாம் என்று தமிழ்நாடு அரசு 1973இலேயே ஆணை பிறப்பித்து, 2000இல் அதை மறுபடி உறுதிசெய்தது. ஐம்பது வருடத்துக்கு மேலான ஆணை. இன்றும் அதைக் காட்டி வாதாட வேண்டியிருப்பது வருத்தம் தருகிறது.

இங்கே ஒன்றிய அரசின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு பெரிய குறை. 2019இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதா, சாதியையும் பழங்குடி அடையாளத்தையும் கூடுதல் காவல் வேண்டிய விவரமாகத் தனியே வகைப்படுத்தியிருந்தது. நிறைவேறிய 2023 சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை. பிள்ளையின் சாதியும் பிள்ளையின் ஷூ அளவும் அதன் கண்ணில் ஒன்று. தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை தன் சொந்த விதியால் இந்த ஓட்டையை அடைக்கலாம். சந்துரு குழுவின் பரிந்துரைகள் அதற்குத் தயாராக இருக்கின்றன.

எமிஸ் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். அதைத் திட்டுவது எளிது, ஆசிரியர் அறையில் தினமும் நடப்பதுதான். பாடம் நடத்த வேண்டிய நேரம் பதிவேற்றத்தில் போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் வருடக்கணக்காக முறையிட்டு வந்திருக்கின்றன. ஆனால் ஒரு பள்ளியை விட்டு நின்ற பிள்ளை வேறெங்கும் சேரவில்லை என்று கண்டுபிடித்துத் தேடிப்போக முடிவது இந்தப் பதிவால்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் போய்ச் சேருவதற்கும், மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுக்கும், அவள் எங்கே படித்தாள் என்ற நம்பகமான பதிவு வேண்டும். அரசு ஒரு நலத்திட்டத்துக்காக விவரம் கையாண்டால் சம்மதமே தேவையில்லை என்று 2023 சட்டத்தின் ஏழாம் பிரிவு சொல்வதும் இதனால்தான். சம்மதம் இல்லாமல் எடுக்கிற உரிமை இருப்பவருக்குக் காக்கிற கடமை இரண்டு மடங்கு. பெயர், பெற்றோர் பெயர், சாதி, ரத்த வகை, உயரம், எடை, கைபேசி, வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே எண்ணின் கீழ் இருக்கும்போது, ஒரு பாஸ்வேர்டு வெளியே போனால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். பல பள்ளிகளில் அந்தப் பாஸ்வேர்டு அலுவலகச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும். பிரவுசிங் சென்டர்காரருக்கும் தெரிந்திருக்கும்.

பெரிய தளங்களிலும் ஓட்டை உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இருக்கும் க்யூஆர் குறியீடுகள் அழைத்துச் சென்ற 'தீக்‌ஷா' என்ற ஒன்றிய அரசின் தளத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதன் தரவு பூட்டில்லாத ஒரு சர்வரில் ஓராண்டுக்கு மேல் திறந்து கிடந்ததை 2023 ஜனவரியில் 'வயர்டு' இதழ் வெளிப்படுத்தியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயரும் கைபேசி எண்ணும், ஏறத்தாழ ஆறு லட்சம் மாணவர்களின் விவரமும் அதில் இருந்தன. கொரோனா காலத்தில் பள்ளி மூடியிருந்தபோது வேறு வழியில்லாமல் பிள்ளைகள் போன இடம் அது.

கசிந்த விவரம் என்ன செய்யும் என்று பிளஸ் டூ பிள்ளை இருக்கும் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். தேர்வு முடிந்த வாரமே தொலைபேசி ஓயாது. "பையன் பயோ மேத்ஸ்தானே சார்?" என்று பிரிவோடு சேர்த்துக் கேட்பார்கள். யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் வைத்துவிடுவார்கள். கல்லூரி வியாபாரத்தோடு நின்றால் தொல்லை என்று விட்டுவிடலாம். உதவித்தொகை வந்திருக்கிறது, இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள் என்று பிள்ளையின் பெயரையும் பள்ளியையும் சரியாகச் சொல்லிப் பணம் பறிக்கிறார்கள். விவரம் சரியாக இருப்பதால்தான் பெற்றோர் நம்புகிறார்கள். அப்படி நடந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும் என்பதைப் பள்ளிகள் நோட்டீஸ் போர்டில் நிரந்தரமாக எழுதி வைக்கலாம்.

அரசு அமைப்பின் கையிலிருந்து விவரம் நழுவினால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு ஆதம்பாக்கத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஒரு பதில் கிடைத்தது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான மாணவியின் அடையாளம் தெரியும்படி முதல் தகவல் அறிக்கை இணையத்தில் பரவியது. புதிய குற்றவியல் சட்டங்களுக்கு மாறும்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் சொல்லப்பட்டது. டிசம்பர் 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம், மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்ததோடு, அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரவும் அரசுக்கு உத்தரவிட்டது. கோளாறு என்ற சொல் பொறுப்பைக் கரைத்துவிடாது என்பது அந்த உத்தரவில் எனக்குத் தெரியும் பொருள். பள்ளிகளும் இதை ஊன்றிப் படிக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரோடு, அவள் படிக்கும் பள்ளியையும் வசிக்கும் பகுதியையும்கூட ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது. பள்ளியின் பெயரைச் சொன்னாலே பிள்ளையைச் சொன்னதாகிவிடும் என்று அந்தச் சட்டம் புரிந்துவைத்திருக்கிறது.

இன்னொரு கசிவை என் கையிலேயே பிடித்திருக்கிறேன். ஒரு மாலை வாங்கிய பஜ்ஜியை மடித்துக் கொடுத்த காகிதம் ஒரு பள்ளியின் கட்டண பாக்கிப் பட்டியல். வகுப்பு, பெயர், அப்பா பெயர், கைபேசி எண், பாக்கித் தொகை. எண்ணெய் ஊறி ஓரம் கண்ணாடி போலாகியிருந்தது. ஒரு சிறுமியின் பெயரைச் சுற்றி மட்டும் சிவப்பு மையில் வட்டம். பஜ்ஜியைச் சாப்பிட மனம் வரவில்லை. காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கிழித்துப் போட்டேன். 2023 சட்டம் டிஜிட்டல் வடிவில் உள்ள, அல்லது பிறகு டிஜிட்டலாக மாற்றிய விவரத்துக்குத்தான் பொருந்தும். காகிதமாகவே பிறந்து பழைய பேப்பர் கடைக்குப் போன பட்டியலை அது பிடிக்காது. பிள்ளைகளுக்கு நேரும் அவமானத்தில் பெரும்பங்கு இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது.

கட்டண பாக்கி பெற்றோரின் கடன். அதைப் பிள்ளையின் ஆவணத்தில் ஏற்றக் கூடாது என்று நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், மாற்றுச் சான்றிதழில் கட்டண பாக்கி பற்றி எழுதக் கூடாது, சேர்க்கைக்கு டிசி கேட்டுப் பிள்ளைகளை அலைக்கழிக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. இதைக் கல்விக் கட்டண வழக்காகத்தான் எல்லோரும் பார்த்தார்கள். நான் இதைத் தரவுப் பாதுகாப்புத் தீர்ப்பாகவே படிக்கிறேன். ஒரு விவரம் உண்மையாகவே இருக்கலாம். அது இருக்கக் கூடாத இடத்தில் இருந்தால் பிள்ளையைப் பின்தொடர்ந்து போய்த் தாக்கும். இதே பாதையில் 2017இல் தமிழ்நாடு ஒரு நல்ல முடிவை எடுத்தது: பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை நிறுத்தியது. ஆனாலும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய மதிப்பெண்ணையும் ஒரே பட்டியலாகப் போடும் வழக்கம் ஓயவில்லை. கடைசி இடத்தில் இருக்கும் பிள்ளையின் அம்மாவும் அந்தக் குழுவில் இருக்கிறார்.

ஒளிப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். விவரம் பிழையாக இருப்பதால் வரும் துன்பம் அதைவிடப் பரவலானது, பேசப்படுவது குறைவு. தமிழர் பெயர் படிவங்களுக்குள் எளிதில் அடங்காது. இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்க எமிஸில் ஒற்றை எழுத்தாக இருப்பதா, ழகரத்துக்கு ஆங்கிலத்தில் எந்த எழுத்து, இப்படி ஒவ்வொன்றும் ஒரு வழுக்கு. ஒன்றாம் வகுப்பில் அவசரத்தில் தட்டிய எழுத்து பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வரை வந்து, பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் கண்ணில் படும். அமெரிக்காவில் 1974 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. தங்கள் பிள்ளையைப் பற்றிப் பள்ளி வைத்திருக்கும் பதிவைப் பார்க்கவும், தவறு இருந்தால் திருத்தக் கேட்கவும் பெற்றோருக்கு அது உரிமை தருகிறது. நம் 2023 சட்டமும் திருத்தக் கேட்கும் உரிமையைத் தருகிறது. முறையீட்டுக்கு 90 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இந்த உரிமை சட்டப் புத்தகத்தில் தூங்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறை, பெற்றோர் கூட்டத்தன்று, பிள்ளையின் எமிஸ் பக்கத்தை அச்செடுத்து அந்தப் பெற்றோர் கையில் மட்டும் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லலாம். செலவு ஒரு தாள்.

படங்களைப் பற்றிச் சுருக்கமாக: ஆண்டு விழாவில் ஆடிய குழந்தையின் படத்தைப் பெயரோடும் வகுப்போடும் முகநூலில் போடுவது விளம்பரம். சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் வாங்கிய கையெழுத்து அதற்குப் போதாது.

பள்ளி என்ன செய்யலாம் என்று ஒரு தலைமையாசிரியர் கேட்டால், பெரிய மென்பொருள் எதையும் சொல்ல மாட்டேன். இரண்டு சிவப்புப் பேனா வாங்குங்கள் என்பேன். ஒரு பேனா சேர்க்கைப் படிவத்துக்கு: சேர்க்கைக்குத் தேவையில்லாத ஒவ்வொரு கட்டத்தையும் அடித்துவிட்டு, உதவித்தொகைக்கும் பஸ் பாஸுக்கும் வேண்டியதை அந்தந்த நாளில் தனியே கேட்பது. சான்றிதழின் அசலைப் பார்த்து 'பார்த்தேன்' என்று கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தால் பாதி ஜெராக்ஸ் குறைந்துவிடும். மற்றப் பேனா யார் எதைப் பார்க்கலாம் என்ற பட்டியலுக்கு: வகுப்பாசிரியருக்கு ஒவ்வாமையும் அவசர எண்ணும் தெரிய வேண்டும், சாதியும் வருமானமும் தெரிய வேண்டியதில்லை, வேன் ஓட்டுநருக்கு நிறுத்தமும் ஒரு எண்ணும் போதும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தேர்வானவர்களின் பட்டியலை ஒட்டும்போது விண்ணப்ப எண் மட்டும் போதும். வெளிப்படைத்தன்மையும் கெடாது, பிள்ளையின் வறுமையும் வாசலில் தொங்காது. பழைய பதிவேடுகளில் சேர்க்கைப் பதிவேடு போன்ற நிரந்தர ஆவணங்களைப் பூட்டி வைத்துவிட்டு, மற்றதைக் கிலோ கணக்கில் விற்காமல் கிழித்து அழிக்க வேண்டும். பெற்றோருக்கான அறிவிப்பைத் தமிழில் தர வேண்டும். எட்டாம் அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் அதைக் கேட்டுப் பெறும் வழி சட்டத்திலேயே இருக்கிறது.

அரசுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். எமிஸ் திரையில் ஆதார் கட்டத்துக்குப் பக்கத்திலும் சாதிக் கட்டத்துக்குப் பக்கத்திலும் 'தர விரும்பவில்லை' என்று ஒரு தெரிவை வையுங்கள். அதை அழுத்தினால் பக்கம் மறுக்காமல் அடுத்ததற்குப் போக வேண்டும். 1973 ஆணையும் 2018 தீர்ப்பும் அன்றைக்குத்தான் வகுப்பறைக்கு வந்து சேரும்.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான பதினெட்டு மாதக் கெடு 2027 மே நடுவில் முடிகிறது. அடுத்த மாதம் பள்ளி திறக்கும். சேர்க்கை மும்முரமாக நடக்கிற நேரம். ஆதம்பாக்கத்து ஜெராக்ஸ் கடையில் அந்த வாரமும் கூட்டம் இருக்கும். கையில் எட்டுக் காகிதத்தோடு வருகிறார்களா, மூன்றோடு வருகிறார்களா என்று நான் போய்ப் பார்ப்பேன்.